மலையும் மணிக்கூடும்

மாத்தளையிலிருந்து இறத்தோட்டை வழியாக ரிவஸ்டனுக்குத் துவிச்சக்கரவண்டியில் ஏறும் மாணவர் சிலர், “சென்ற தடவையினும் விரைவாக ஏறினோம்” என்று மகிழக் கேட்கின்றோம். மகிழ்ச்சி நியாயமானதே. ஏற்றத்திலே பெரும்பகை புவியீர்ப்பு. அது நேற்றும் இன்றும் ஒன்றே. ஆயின், நக்கிள்ஸ் மலைத்தொடரின் உச்சியில் வீசும் காற்று அவ்வாறன்று. அது முதுகிலே தள்ளினால், குறைந்த நிமிடங்கள் யாருடையவை? காற்றை வெல்வது எளிதோ? 1972இல் எடி மேர்க்ஸ் ஒரு மணி நேரத்தில் 49.431 கிலோமீற்றர் ஓட்டிச் சாதனை புரிந்ததும், உயரத்தினாற் காற்று மெலிந்த மெக்சிக்கோ நகரிலேதான். ஆதலால், இறத்தோட்டை கடந்ததும் தொடங்கி, காற்று வலுக்கும் இடத்துக்கு முன்னுள்ள ஏற்றத்தைத் தனியே அளந்து பாருங்கள். கால்களின் கணக்கு அங்கேதான் தெரியும். இறங்கும்போது மணிக்கூட்டைப் பையிலிடுவதே நன்று. பாதை ஒடுக்கம், வளைவுக்கு அப்பால் பஸ் வரும்.