கப்பல் யாருடையது?

கடலுக்கு வேலி கிடையாது. ஆனால் கடலில் மிதக்கும் கப்பலுக்கு உடையவன் உண்டு. அவன் யார் என்று கேட்காதவரை, கப்பலின் அழகைப் பாடலாம். புகைபோக்கியின் உயரத்தை வியக்கலாம். கேட்டுவிட்டாலோ வரலாறு வேறு கதை சொல்லத் தொடங்கிவிடுகிறது.

பிரிட்டிஷ் கப்பல்களின் பெருமையைப் பேசுவோர் இன்றும் உளர். கடல்மீது மிதந்த அரண்மனைகள் என்பர். தனியார் முயற்சியின் வெற்றி என்பர். தனியார் முயற்சியா அது? 1903ஆம் ஆண்டு பிரிட்டிஷ் அரசு குனார்ட் கம்பெனியோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. 26 லட்சம் பவுன் கடன், குறைந்த வட்டிக்கு! அதற்கு மேல் ஆண்டுதோறும் ஒன்றரை லட்சம் பவுன் மானியம்! அந்தப் பணத்தில் எழுந்தவைதாம் 'லூசிட்டானியா', 'மாரிட்டேனியா' எனும் மாபெரும் கப்பல்கள். இரண்டும் 1907இல் கடலோடத் தொடங்கின.

அதே 1907ஆம் ஆண்டு, நம் தூத்துக்குடித் துறைமுகத்திற்கும் இரு கப்பல்கள் வந்து சேர்ந்தன. 'காலியா', 'லாவோ' என்பன அவற்றின் பெயர்கள். அவற்றுக்கு எந்த அரசு கடன் கொடுத்தது? எந்தக் கருவூலம் மானியம் அளித்தது? தோழர்களே, ஒன்றும் இல்லை! 1906 அக்டோபர் 16ஆம் நாள் பதிவான சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனியின் மூலதனம் 10 லட்சம் ரூபாய், பங்குகள் 40,000, பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய். பாண்டித்துரைத் தேவர் தலைவராக அமர்ந்தார். வ.உ. சிதம்பரனார் ஊர் ஊராக அலைந்து பங்கு சேர்த்தார்.

எங்கள் தோவாளையில் பூக்கட்டும் கைகளைக் கண்டவர்க்கு இதன் பொருள் விளங்கும். ஒற்றைப் பூ மாலையாவதில்லை. நார் ஒன்று ஊடே ஓடினால் ஆயிரம் பூவும் ஒரு மாலையாகும். சிதம்பரனார் அந்த நாராக நின்றார்.

எதிரே நின்றது யார்? பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனி. 1856இல் வேறு பெயரோடு பிறந்து, அரசின் அஞ்சல் ஒப்பந்தங்களால் கொழுத்து, வங்கக் கடலிலும் அரபிக் கடலிலும் ஆட்சி செலுத்திய கம்பெனி அது. தூத்துக்குடி–கொழும்பு வழியில் அது கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனியார் எட்டணா என்றனர். வெள்ளையர் கம்பெனியோ இலவசமாகவே ஏற்றிச் செல்வோம், குடையும் பரிசாகத் தருவோம் என்றது. அடடா, என்ன தாராளம்! போட்டியாளன் மடியும்வரை குடை தருவான். மடிந்தபின் குடைக்கும் சேர்த்துக் கட்டணம் வாங்குவான். இதுவன்றோ ஏகபோகத்தின் இலக்கணம்!

குடையால் முடியாததைச் சிறைக்கதவு முடித்தது. கோரல் ஆலைத் தொழிலாளர் போராட்டத்திற்குத் துணைநின்ற சிதம்பரனார் 1908 மார்ச் 12ஆம் நாள் கைதானார். தீர்ப்போ இரட்டை ஆயுள் தண்டனை. மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது. ஆயினும் 1912 டிசம்பர் வரை சிறைதான். அவர் வெளியே வரும்முன், 1911இலேயே கம்பெனி கலைக்கப்பட்டுவிட்டது. ஒரு நாட்டின் கப்பலுக்குக் கருவூலம். இன்னொரு நாட்டின் கப்பலுக்குக் காராக்கிரகம்! இதற்குப் பெயர்தான் சுதந்திர வாணிபமாம்!

தடை நீங்கிய கடலில் அதே பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி நம் மக்களை எப்படி ஏற்றிச் சென்றது? 'ரஜூலா'வைக் கேளுங்கள். 1926இல் கட்டப்பட்ட அந்தக் கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடியது. தொடக்கத்தில் 5,000 பேருக்கு மேல் மேல்தளப் பயணிகளாக ஏற்றிக்கொள்ள அதற்கு அனுமதி இருந்தது. மேல்தளப் பயணி என்றால் அறையில்லை, கட்டிலில்லை; பாய் விரித்த இடமே வீடு. ரப்பர்த் தோட்டத்திற்கு உழைக்கச் சென்ற தமிழன் அப்படித்தான் கடல் கடந்தான். அடுப்படியில் கரி அள்ளிய இந்திய மாலுமிக்கோ வெள்ளை மாலுமியின் கூலியில் ஒரு சிறு பங்குதான்.

1973இல் 'ரஜூலா'வை வாங்கியது யார்? நம் அரசுக்குரிய இந்தியக் கப்பல் கழகம்! 1961இல் உருவான அந்தக் கழகம் 'சிதம்பரம்' என்ற பெயரிலும் ஒரு கப்பலைச் சென்னை–சிங்கப்பூர் வழியில் ஓட்டியது. அப்பெயரைக் கேட்ட தமிழன் நெஞ்சில் எந்தச் சிதம்பரம் எழுந்திருக்கும் என்று சொல்லவும் வேண்டுமோ? 1985இல் நேர்ந்த தீவிபத்தோடு அக்கப்பலின் பயணிகள் சேவை முடிந்தது.

அந்தக் கழகத்தைத்தான் தனியாருக்கு விற்க 2019 நவம்பரில் ஒன்றிய அமைச்சரவை கொள்கை அளவில் ஒப்புதல் தந்தது. 2011இல் தூத்துக்குடித் துறைமுகத்திற்கு வ.உ.சி.யின் பெயர் சூட்டினர், மகிழ்ந்தோம். அதே ஆண்டு ஜூனில் தொடங்கிய தூத்துக்குடி–கொழும்புப் பயணிகள் கப்பல் ஆண்டு முடியுமுன்னரே நின்றது. பெயர் நிலைத்தது, கப்பல் நிலைக்கவில்லை!

நட்டத்தில் ஓடுவதை அரசு ஏன் சுமக்கவேண்டும் எனக் கேட்போர் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் பிரிட்டன் ஏன் சுமந்தது? கடல்வழி கைவிட்டுப் போனால் வாணிபமும் கைவிட்டுப் போகும் என்பதை அது அறிந்திருந்தது. பிற்காலத்தில் சந்தையின் கையில் விட்டது, விளைவென்ன? குனார்ட் 1998இல் அமெரிக்கக் கார்னிவல் கம்பெனியின் கைக்குப் போனது. பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியை விழுங்கிய பி அண்ட் ஓ, 2006இல் துபாய்க்குப் போனது. 2022 மார்ச்சில், பி அண்ட் ஓ படகுச் சேவையின் மாலுமிகள் ஏறத்தாழ 800 பேர், முன்னறிவிப்பின்றி ஒரே நாளில் வேலையிழந்தனர். அவர்கள் இடத்திற்குக் குறைந்த கூலிக்கு ஒப்பந்த ஆட்கள்! நேற்று நம் மாலுமிக்கு அளந்த அதே படியால் இன்று தன் நாட்டு மாலுமிக்கும் அளக்கிறது முதலாளித்துவம். அதற்கு நிறமில்லை, நாடில்லை. கணக்கு மட்டுமே உண்டு.

உல்லாசக் கப்பல்கள் வரட்டும், வசதி படைத்தோர் சுற்றி வரட்டும், நமக்கு வெறுப்பில்லை. ஆனால் கொழும்புக்குச் சரக்கு கொண்டு செல்லும் சிறு வணிகனுக்கும், உறவைக் காணச் செல்லும் ஏழைக்கும் கட்டுப்படியான கட்டணத்தில் ஒரு கப்பல் வேண்டும். அது மக்களின் கப்பலாக இருத்தல் வேண்டும். சிலைக்கு மாலை சூட்டத் தோவாளைப் பூ எவ்வளவு வேண்டுமாயினும் கிடைக்கும். சிதம்பரனார் கேட்டது மாலையன்று, கப்பல்!