யாரிடம் கணக்குக் கேட்பது?

ஆசிரியர் தம் பணிக்குக் கணக்குக் கொடுக்கக் கடமைப்பட்டவரே. பெற்றோர்களாகிய நீங்கள் பிள்ளைகளை நம்பி ஒப்படைக்கின்றீர்கள். அரசு ஊதியம் அளிக்கின்றது. இதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. எந்தக் கோலால் அளப்பது, அக்கோலை யார் கையில் கொடுப்பது என்பதில்தான் வழக்கு எழுகின்றது.

1862ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் இராபர்ட் லோ என்பார் வகுத்த விதியின்படி, ஆய்வாளர் ஆண்டுக்கொரு முறை பள்ளிக்கு வந்து, வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகிய மூன்றிலும் பிள்ளைகளைச் சோதிப்பார். ஒரு பிள்ளை தேறாத பாடம் ஒவ்வொன்றுக்கும் மானியத்தில் இரண்டு ஷில்லிங் எட்டுப் பென்ஸ் வெட்டு! விளைவு என்ன? பிள்ளைகள் வாசக நூலை நெட்டுருச் செய்தனர். பள்ளி ஆய்வாளராகவே பணியாற்றிய கவிஞர் மாத்யூ ஆர்னால்டு இம்முறையை வன்மையாகக் கண்டித்தார். ஆயினும் அது மறைய முப்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. நம் சென்னை மாகாணத்திலும் தேர்ச்சியைப் பொறுத்த மானியம் வழக்கில் இருந்ததுண்டு.

பழங்கதை என்று தள்ளிவிட வேண்டா. 2002 சனவரியில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் புஷ் கையொப்பமிட்ட கல்விச் சட்டம், மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை ஆண்டுதோறும் வாசிப்பிலும் கணிதத்திலும் தேர்வு வைக்கப் பணித்தது. 2014க்குள் பிள்ளைகள் அனைவரும் தேர்ச்சி நிலையை எட்ட வேண்டுமாம்! வகுப்பறையில் ஒரு மாதமேனும் நின்றவர் இவ்விலக்கை எழுதியிருப்பாரோ என்பது என் ஐயம். 2009இல் ஒபாமா அரசு அறிவித்த போட்டி நிதியோ, மாணவர் மதிப்பெண்ணை ஆசிரியர் மதிப்பீட்டோடு பிணைக்க மாநிலங்களைத் தூண்டியது. மற்றவற்றில் முரண்படும் இரு கட்சியாரும் இதில் ஒன்றுபட்டனர். ஆசிரியரைக் குறை கூறுவது, ஏழைப் பிள்ளையின் பசியைத் தீர்ப்பதைவிடச் செலவு குறைந்ததன்றோ?

அட்லாண்டா நகரில் நிகழ்ந்தது வேதனைக்குரியது. விடைத்தாள்கள் திருத்தப்பட்டதை ஆராய்ந்த மாநில விசாரணைக் குழு, 44 பள்ளிகளில் 178 கல்விப் பணியாளர்கள் தவறிழைத்ததாக 2011இல் அறிவித்தது. 2015இல் பதினொருவர் குற்றவாளிகளெனத் தீர்ப்பாயிற்று. அவர்களுக்காக நான் பரிந்து பேசேன். வாசிக்கத் தெரியாத பிள்ளையைத் தேறியதாகக் காட்டினால், அதற்குக் கிட்டவேண்டிய தனி உதவியும் அன்றோ பறிபோகிறது? எனினும், எட்டமுடியாத இலக்கை வைத்து, எட்டாதவர் வேலைக்கு உலை வைத்தவர் எவரும் கூண்டில் ஏறவில்லை.

ஃபுளோரிடா மாநிலத்து ஏழு ஆசிரியர்களின் வழக்கு இன்னும் விந்தையானது. தாம் கற்பிக்காத மாணவர், தாம் கற்பிக்காத பாடம் ஆகியவற்றின் மதிப்பெண்ணைக் கொண்டு தம்மை அளந்தனர் என்று 2013இல் அவர்கள் முறையிட்டனர். முதல் வகுப்பு ஆசிரியை ஒருவரைத் தரம் பிரித்தது, வேறொரு பள்ளிப் பிள்ளைகளின் மதிப்பெண்! அம்முறை நேர்மையற்றது என்பதை உணர்ந்தும், அது அரசியல் சாசனத்துக்கு முரணானதன்று என்றே 2014இல் நீதிபதி தீர்ப்பளித்தார். மேல்முறையீட்டிலும் அதுவே நிலைத்தது. 2015 டிசம்பரில் வந்த புதிய சட்டம், ஆசிரியரை அளக்கும் முறையை அந்தந்த மாநிலத்தின் விருப்பத்துக்கே விட்டுவிட்டது.