மணியை ஜெர்மனிக்குக் கூட்டிப் போகலாமா?

கொல்லிமலை எடப்புளி நாட்டிலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார். நர்ஸிங் முடித்து, ஜெர்மன் மொழித் தேர்விலும் தேறி, அங்கே ஒரு மருத்துவமனையில் வேலை கிடைத்திருக்கிறது. விசா வேலை நடக்கிறது. என்னென்ன எடுத்துப் போவது என்பதெல்லாம் முடிவாகிவிட்டதாம். முடிவாகாதது ஒன்றுதான். வீட்டு நாய் மணியைக் கூடவே கூட்டிப் போவதா, அம்மா அப்பாவிடம் விட்டுப் போவதா?

தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமே செவிலியர்களுக்கு ஜெர்மன் மொழிப் பயிற்சி கொடுக்கிற காலம் இது. அதனால் இந்தக் கேள்வி இனி நகரத்து வீடுகளுக்கு மட்டும் உரியதல்ல. இந்த வாரம் இதையே பேசிவிடலாம்.

தங்கைக்கு என் முதல் பதில் இதுதான்: முடிவைப் பிறகு எடுக்கலாம், வேலையை இன்றே தொடங்கிவிடுங்கள்.

காரணம், ரேபிஸ். நாய்கள் மூலம் ரேபிஸ் பரவும் நாடுகளில் இந்தியாவும் ஒன்று. அதனால் இங்கிருந்து போகும் நாய், பூனைகளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் கூடுதல் நிபந்தனைகள் வைத்திருக்கிறது. முதலில் தோலுக்கு அடியில் அரிசி அளவுக்கு ஒரு மைக்ரோசிப் போட வேண்டும். அதில் 15 இலக்க எண் இருக்கும். அதற்குப் பிறகுதான் ரேபிஸ் தடுப்பூசி. இந்த வரிசை மாறக்கூடாது. ஊசி முதலில், சிப் பிறகு என்று ஆகிவிட்டால் அந்த ஊசி கணக்கில் வராது, மறுபடி போட வேண்டும்.

முதல் ஊசி போட்டுக் குறைந்தது 30 நாள் கழித்து ரத்தம் எடுத்து, ஐரோப்பிய ஒன்றியம் அங்கீகரித்த ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். உடலில் போதுமான எதிர்ப்புச் சக்தி வந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். தேறினாலும் உடனே கிளம்ப முடியாது. ரத்தம் எடுத்த நாளிலிருந்து 3 மாதம் காத்திருக்க வேண்டும். ஆக, சிப் போட்ட நாளிலிருந்து குறைந்தது 4 மாதம். விசா வந்தபிறகு யோசிக்கலாம் என்று இருப்பவர்களுக்கு, யோசிக்கவே நேரம் இருக்காது.

கடைசியாக, இந்திய அரசின் விலங்குத் தனிமைப்படுத்தல் நிலையத்தில் ஆரோக்கியச் சான்றிதழ் வாங்க வேண்டும். சென்னை பள்ளிக்கரணையில் அப்படி ஒரு நிலையம் இருக்கிறது. ஐரோப்பாவில் போய் இறங்கும் நாளுக்கு முந்தைய 10 நாட்களுக்குள் அந்தச் சான்றிதழ் வாங்கியிருக்க வேண்டும்.

நாட்டுக்கு நாடு விதிகள் மாறும் என்பதையும் மற்ற வாசகர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். ஆஸ்திரேலியாவுக்கு இங்கிருந்து நேரடியாக நாயைக் கொண்டுபோக முடியாது. அமெரிக்கா 2024 ஆகஸ்ட் முதல் விதிகளை இறுக்கிவிட்டது. 6 மாதம் நிரம்பாத நாய்க்கு அங்கே அனுமதியே இல்லை. சிங்கப்பூரில் எச்.டி.பி. குடியிருப்பில் இருப்பவர்கள், அனுமதிக்கப்பட்ட இனங்களில் ஒரு நாய்தான் வளர்க்கலாம். எனவே பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதை நம்பாமல், போகிற நாட்டின் அரசு இணையதளத்தைப் பாருங்கள்.

இனி பயணம். விமானத்தில் மடியோடு கூட்டிப் போகலாம் என்று நினைத்தால், அது குட்டி நாய்களுக்குத்தான். லுஃப்தான்சாவில் கூடையோடு சேர்த்து 8 கிலோதான் வரம்பு. காட்டுப்பன்றி விரட்டிப் பழகிய நாட்டு நாய் அந்தக் கூடையில் அடங்காது. சரக்குப் பகுதியில் கூண்டுக்குள்தான் போக வேண்டும். நாய் நிற்கவும், திரும்பவும், கால் நீட்டிப் படுக்கவும் இடம் இருக்கிற கூண்டு வேண்டும். மயக்க மருந்து கொடுத்து அனுப்புவது ஆபத்து. கூண்டு பழகப் பல வாரம் ஆகும். ஏஜென்ட் வழியாகப் போனால் செலவு லட்சத்தைத் தாண்டிவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

கொல்லிமலைக்காரர்களுக்குக் கையிலேயே ஒரு பரீட்சை இருக்கிறது. காரவள்ளிக்கு இறங்கும் 70 கொண்டை ஊசி வளைவுகள். கூண்டில் வைத்து ஒருமுறை நாமக்கல் வரை கூட்டிப் போய்த் திரும்புங்கள். கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் உடம்பையும் காட்டி வந்துவிடலாம். பாதி வளைவிலேயே வாந்தி, நடுக்கம், ஓயாத ஊளை என்றால், நீண்ட விமானப் பயணத்துக்கு மணி இன்னும் தயாரில்லை.

இவ்வளவும் முடியும் என்றே வைத்துக்கொள்வோம். அதன் பிறகுதான் உண்மையான கேள்வி வருகிறது. மணியின் ஒரு நாள் அங்கே எப்படி இருக்கும்?

மலையில் மணிக்கு வாசல்தான் வீடு. பகலில் மிளகுக் கொடி நிழலில் தூக்கம், ராத்திரி மரவள்ளிக் காட்டில் காவல். தெருவில் எல்லோரையும் தெரியும். ஜெர்மனியில் புதிதாகப் போகும் நர்ஸுக்கு வாடகை அறை, மூன்று ஷிப்ட் வேலை. நாய் வைத்துக்கொள்ளப் பெரும்பாலும் வீட்டுக்காரர் சம்மதம் வேண்டும். நகராட்சிக்கு நாய் வரி கட்ட வேண்டும். பெர்லினில் ஒரு நாய்க்கு வருடத்துக்கு 120 யூரோ. நீங்கள் எட்டு மணி நேரம் வார்டில் நிற்கும்போது, அது எட்டு மணி நேரம் மூடிய கதவைப் பார்த்துக்கொண்டிருக்கும். தனிமைக்குத் துணை வேண்டும் என்று நீங்கள் கூட்டிப் போய், அந்தத் தனிமையை மணிக்குக் கொடுத்துவிடக் கூடாது.

இதையே அறைக்குள் வளர்ந்த, உங்களைத் தவிர வேறு யாரிடமும் சாப்பிடாத ஒரு பூனை என்றால் என் பதில் வேறாக இருக்கும். பூனையையும் நாயையும் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றுகிறவர்கள் உண்டு. 2022-ல் உக்ரைன் போரின்போது கேரள மாணவி ஒருவர் தன் ஹஸ்கி குட்டியை விட்டு வர மறுத்து, தூக்கிக்கொண்டே எல்லையைக் கடந்தார். அங்கிருந்து செல்லப்பிராணிகளோடு திரும்புகிறவர்களுக்காக மத்திய அரசு ஒருமுறை சலுகையாக விதியைத் தளர்த்தியது. அங்கே விட்டு வந்தால் குட்டி பிழைக்காது. மணி நிலைமை அதுவல்ல, அதற்கு ஊரும் வீடும் இருக்கின்றன.

எனவே நான் சொல்வது: சிப், ஊசி, ரத்தப் பரிசோதனை மூன்றையும் இப்போதே முடித்துவிட்டு, நீங்கள் மட்டும் போங்கள். தடுப்பூசியைத் தேதி தவறாமல் போட்டுவந்தால், அந்த ரத்தப் பரிசோதனை முடிவு மணியின் ஆயுள் முழுக்கச் செல்லும். ஒரு வருடத்தில் வீடு, ஷிப்ட், பக்கத்தில் ஒரு பூங்கா எல்லாம் அமைந்துவிட்டால், விடுமுறைக்கு வரும்போது கூடவே கூட்டிப் போகலாம். மணி தனியாக வருவதென்றால் உங்கள் பயணத்துக்கு 5 நாள் முன்னே பின்னேதான் இருக்கலாம். அதைத் தாண்டினால் வணிகச் சரக்குக்கான விதிகள் வந்துவிடும். நிரந்தரமாகத் திரும்பும்போது நாயைக் கொண்டுவருவதற்கும் இந்தியாவில் நிபந்தனை உண்டு. தொடர்ந்து 2 வருடம் வெளிநாட்டில் இருந்துவிட்டுக் குடிபெயர்ந்து வருகிறவர்களுக்குத்தான் அந்த வழி எளிது.

விட்டுப் போவதையும் ஒழுங்காகச் செய்யுங்கள். 'யாராவது சோறு வைப்பார்கள்' என்பது ஏற்பாடு இல்லை. யார் என்று பெயர் சொல்லி முடிவு செய்யுங்கள். அம்மாவுக்கு முடியாத நாளில் அடுத்த ஆள் யார் என்பதையும் சேர்த்து. தீவனத்துக்கும் மருந்துக்கும் மாதாமாதம் பணம் அனுப்புங்கள். அடுத்த ஊசித் தேதியை வீட்டு நாட்காட்டியில் வட்டமிட்டு, உங்கள் போனிலும் போட்டுவையுங்கள். கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே சோறு வைக்கும் கை மாறட்டும். அப்போதுதான் நீங்கள் பஸ் ஏறிய மறுநாளும் மணி சாப்பிடும்.