ஃபார்மட் செய்தால் தீர்ந்துவிடாது

"வைரஸ் வந்ததா? விண்டோஸை அழித்துப் புதிதாகப் போடுங்கள்; அதற்குமேல் பயப்பட ஒன்றுமில்லை" என்கிறார் ஒரு கட்டுரையாளர். முதல் பாதி சரி. இரண்டாம் பாதியை நம்பினால் ஒருவர் சேமிப்பையே இழக்கக்கூடும்.

ரெட்லைன், லும்மா போன்ற தகவல் திருடும் மென்பொருள்கள் கணினியில் தங்கிக் காத்திருக்க வேண்டியதில்லை. பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளையும் குக்கிகளையும் சில நிமிடங்களில் அள்ளி அனுப்பிவிடும். 2025 மார்ச் நடுவிலிருந்து மே நடுப்பகுதி வரை மட்டும் 3,94,000-க்கும் மேற்பட்ட விண்டோஸ் கணினிகளில் லும்மா தொற்றியிருந்ததை மைக்ரோசாஃப்ட் கண்டறிந்தது. போன தகவலை எந்த ஃபார்மட்டும் மீட்டுத் தராது.

"ஓடிபி இருக்கிறதே" என்ற வாதமும் நிற்காது. நீங்கள் ஓடிபி கொடுத்து உள்ளே நுழைந்தபிறகு உருவாவதுதான் அந்தக் குக்கி. அதை வைத்திருப்பவனிடம் பல தளங்கள் மறுபடி ஓடிபி கேட்பதில்லை. பாஸ்வேர்டை மாற்றினாலும் சில சேவைகளில் பழைய உள்நுழைவு உயிரோடிருக்கும். ஆகவே எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறும் வசதியையும் பயன்படுத்தியே ஆகவேண்டும்.

தொற்றிய கணினியிலிருந்து பாஸ்வேர்டை மாற்றாதீர்கள். புது பாஸ்வேர்டும் திருடனுக்கே போகும். சுத்தமான வேறொரு கருவியில், மின்னஞ்சலிலிருந்து தொடங்குங்கள். மற்ற கணக்குகள் பெரும்பாலும் அதன் வழியாகத்தான் மீட்கப்படுகின்றன. தெரியாத ஃபார்வர்டு முகவரியோ மீட்பு எண்ணோ அங்கே சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பிறகு வங்கிக் கணக்குகள்.

இதையெல்லாம் பீதி என்று ஒதுக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. இந்தியாவில் பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள். பணம் வேறு கணக்குகளுக்கு நகருமுன் வங்கிகளால் முடக்க முடியும்.