வலைப்பக்கமும் சிறப்புப் பாயிரமும்

நூலொன்றைக் கையில் எடுப்போன் முதற்கண் நோக்குவது அதன் பாயிரத்தையே. நூலைச் செய்தார் யாவர், அதன் பெயர் யாது, அது நுவலும் பொருள் யாது, அதனைக் கேட்டற்குரியார் யாவர், அதனால் எய்தும் பயன் யாது என்பன போன்றவற்றை அறிந்த பின்னரே கற்போன் உள்ளம் நூலினுட் புகும். இதுபற்றியே பவணந்தி முனிவர் தம் நன்னூலிற் சிறப்புப் பாயிரத்திற்கு எட்டுச் செய்திகளை உரியவாக்கினார். இவ்விலக்கணம் ஓலைச்சுவடிக்கே உரியது, இணையத்தில் இதற்கு இடமில்லை எனச் சிலர் எண்ணக்கூடும். அவ்வெண்ணம் பொருந்தாது என்பதே எமது துணிபு.

வலைப்பக்கம் ஒவ்வொன்றும் இரு பகுதிகளை உடையது. ஒன்று, படிப்போர் கண்ணுக்குப் புலனாகும் உடல், மற்றொன்று, எச்.டி.எம்.எல். மொழியில் எழுதப்பெற்று உடலுக்குமுன் நிற்கும் தலை. பக்கத்தின் தலைப்பும், மெட்டா டேக் எனப்படும் குறிப்புகளும் அத்தலையிலேயே அமைகின்றன. பக்கத்தின் பொருளை இரண்டொரு தொடரிற் சுருங்கச் சொல்வது ஒரு குறிப்பு. எழுத்துகள் எம்முறையிற் பதியப்பட்டுள்ளன என்று தெரிவிப்பது ஒரு குறிப்பு. தேடுபொறி இப்பக்கத்தைத் தன் அட்டவணையிற் சேர்க்கலாமா, ஆகாதா என்று உணர்த்துவது பிறிதொரு குறிப்பு. தேடுபொறியின் நிரல்கள் பக்கந்தோறும் சென்று படிக்குங்கால் இவற்றையும் படிக்கின்றன. ஆதலின், இவற்றை வலைப்பக்கத்தின் பாயிரம் என்றல் மிகையாகாது.

ஆயினும், இவ்விரண்டிற்கும் ஒரு வேற்றுமை உண்டு. தன்னைத் தானே புகழ்தல் தகாதென்று கருதி, சிறப்புப் பாயிரம் உரைக்கும் உரிமையை நூலாசிரியனுக்கு அளியாது, அவனுடைய ஆசிரியன், உடன் கற்றோன், மாணாக்கன், உரைகாரன் ஆகியோர்க்கே நம் முன்னோர் அளித்தனர். வலைப்பக்கத்திலோ, உடையவனே தன் பாயிரத்தையும் எழுதிக்கொள்கிறான். இதனால் விளைந்த கேடு சிறிதன்று. 1990-களின் பிற்பகுதியில் தேடுபொறிகள் சில, பக்கத்திற்குரியோர் தந்த திறவுச்சொற் பட்டியலையும் நம்பிப் பக்கங்களை வரிசைப்படுத்தின. அதனை அறிந்த பேராசைக்காரர், தம் பக்கத்தோடு சற்றும் தொடர்பில்லாச் சொற்களை அப்பட்டியலில் அடுக்கினர். ஒரே சொல்லைப் பன்முறை எழுதினர். நாடி வந்தோர் ஏமாந்தனர். 1998-இல் நிறுவப்பெற்ற கூகிள், ஒரு பக்கத்தை நோக்கிப் பிற பக்கங்கள் தரும் இணைப்புகளைச் சான்றாகக் கொண்டு அதன் மதிப்பை அளவிட்டது. உடன் கற்றோனையும் உரைகாரனையும் பாயிரம் உரைக்க அழைத்த நம் மரபையே இஃது ஒத்திருக்கின்றது. திறவுச்சொற் குறிப்பை வரிசைப்படுத்துதற்குத் தாம் கொள்வதில்லை என்று 2009 செப்டம்பரில் அந்நிறுவனத்தார் வெளிப்படையாகவே அறிவித்தனர். பொய்யர் செய்த பிழையால் மெய்யர் எழுதிய பட்டியலும் மதிப்பிழந்தது.

அங்ஙனமாயின் இக்குறிப்புகளால் இனிப் பயன் என்னை என்று வினவுவார் உளர். அவர்க்கு எமது விடை இது. தலைப்பு இன்றும் தேடுபொறி பெரிதும் கருதும் ஒன்றாகும். பொருட்சுருக்கம் வரிசையை உயர்த்தாதாயினும், தேடல் முடிவிற் பெரும்பாலும் தலைப்பின்கீழ்த் தோன்றி, உள்ளே புகலாமா என்று தயங்குவோனுக்கு வழிகாட்டுகின்றது. அட்டவணை பற்றிய குறிப்போ மிக வலியது. தளத்தை ஆக்குங்காற் பிறர் காணாதிருத்தற்பொருட்டு இட்ட 'நோஇன்டெக்ஸ்' என்னும் ஒரு சொல்லை வெளியிடும்போது நீக்க மறந்தால், பல்லாண்டு உழைப்பும் தேடுவார்க்கு அகப்படாமற் போம்.

தமிழ் மாணவராகிய நமக்கு இதில் தனிக் கவலையும் உண்டு. 1991-இல் வெளிவந்த யூனிகோடின் முதற் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. எனினும், அதற்குப் பின்னும் பல்லாண்டுகள் தமிழ்த் தளங்கள் வெவ்வேறு குறியேற்றங்களைக் கையாண்டன. உரிய எழுத்துருவை உடையார்க்குத் தமிழாகத் தோன்றிய பக்கம், தேடுபொறிக்குப் பொருளற்ற குறிகளின் குவியலாயிற்று. யூனிகோடு பரவியபின் அத்தடை பெரிதும் நீங்கியது. நீங்கியும் என்ன? உள்ளே செந்தமிழ்க் கட்டுரை இருக்க, தலைப்பில் 'முகப்பு' என்னும் ஒரு சொல்லே நிற்கும் பக்கங்களை யாம் பல கண்டோம். தளம் முழுமைக்கும் ஒரே பொருட்சுருக்கத்தை ஆங்கிலத்தில் எழுதி அமைந்தாரும் உளர். பழைய இதழ்களைப் படமாக்கி, வெறும் எண்ணையே பெயராகச் சூட்டி ஏற்றினாரும் உளர். 1887-இற் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த சாமிநாதையர் போன்ற சான்றோர், முதலும் ஈறும் சிதைந்த ஏடுகளோடு எத்துணைப் பாடுபட்டனர் என்பதை நாம் அறிவோம். அச்சிதைவு கறையானாலும் காலத்தாலும் நேர்ந்தது. இதுவோ நம் சோம்பலால் நேர்வது.

இப்பணி பொறியியல் வல்லுநர்க்கே உரியதென்று நாம் ஒதுங்குதல் முறையன்று. குறியை எங்கே இடுவதென்பதை அவர் அறிவர். கட்டுரையின் பொருளைப் பிழையின்றி இரு தொடரிற் சுருக்குதல் தமிழ் கற்றார்க்கே எளிது. நம் கல்லூரியின் பழைய மலர்களை இணையத்தில் ஏற்றுங்கால், ஒவ்வொரு கட்டுரைக்கும் தனிப் பக்கமும், உரிய தலைப்பும், எழுதியவர் பெயரும், தமிழிலேயே அமைந்த உண்மையான பொருட்சுருக்கமும் அளித்தல் வேண்டும். அச்சுருக்கத்தில் உள்ளதைக் குறைத்தலும் ஆகாது, இல்லாததைக் கூட்டுதலும் ஆகாது. விளக்கை மரக்காலின்கீழ் மறைத்தல் ஒரு குற்றம். இல்லாத விளக்கை உண்டென்று கூவி அழைத்தல் அதனினும் பெருங்குற்றம்.

ஆண்டுக்கொருவர் ஒரு மலரை ஏற்றுக்கொண்டாலும் இப்பணி வளரும். தமிழ்ச் சிறப்பு வகுப்பினராகிய நாம் இவ்வாண்டே அதனைத் தொடங்குதல் நன்று.