அடக்கமான பிள்ளையா, தனித்துப்போன பிள்ளையா?

சமய விடுதியில் வளரும் பதின்ம வயதினரின் தனிமைக்கு மலேசியாவின் பேராக்கில் நீண்ட பின்னணி உண்டு. ஈப்போவில் 1895இல் மெதடிஸ்ட் சபையார் ஆங்கிலோ சீனப் பள்ளியைத் தொடங்கினர். 1907இல் கான்வென்ட்டும் 1912இல் செயின்ட் மைக்கேல் பள்ளியும் வந்தன. ரப்பர் தோட்டத்துப் பால்வெட்டுக் குடும்பங்களில் பெரும்பாலானவற்றுக்கு அவை எட்டாத உயரம். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்திலேயே பள்ளி வைக்கச் சொன்னது. கிடைத்தது ஆரம்பக் கல்வி மட்டுமே. இன்றும் தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு முடிகிறது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, ரப்பர் போய்ச் செம்பனை வந்து, தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்கள் காலியான பிறகு, ஆதரவற்ற பிள்ளைகள் பலருக்கு ஆசிரமமோ தேவாலய இல்லமோதான் வீடாகிறது.

அங்கே விடியுமுன் மணி அடிக்கும். குளியல், வழிபாடு, பள்ளி, மாலைப் பாடம், மீண்டும் வழிபாடு, விளக்கணைப்பு. காலை ஆள்கணக்கெடுப்பான பெரட்டுக்குப் புறப்படும் பெற்றோரோடு இருட்டில் எழுந்து பழகிய தோட்டத்துப் பிள்ளைக்கு இந்தக் கட்டுப்பாடு பெரிய பாரமல்ல. அந்தப் பிள்ளை இழப்பது வேறொன்றை. லயத்தில் முகம் வாடினால், "ஏன்யா, என்னாச்சு?" என்று கேட்க நான்கு வீட்டுப் பாட்டிமார் இருந்தார்கள். விடுதியில் கைப்பேசிக்கு அனுமதியில்லை. வாரத்துக்கு ஒரு முறை வார்டன் மேசையருகே நின்று வீட்டோடு பேச வேண்டும். பின்னால் வரிசை காத்திருக்கும். "நல்லா இருக்கேன்மா, சாப்பிட்டேன்மா" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அதற்குமேல் அங்கே எதைச் சொல்ல முடியும்?

சிக்கலின் வேர் இதுதான்: வம்பு செய்யும் பையன் உடனே கண்ணில் படுகிறான், ஒதுங்கிப்போனவன் 'அடக்கமான பிள்ளை' என்று பாராட்டுப் பெறுகிறான். வாய் திறக்காமல் கண்மூடி உட்கார்ந்திருப்பதைப் பக்தி என்று நிர்வாகம் நம்பிவிடுகிறது. சமயத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. சோறும் படிப்பும் தந்து பிள்ளைகளைக் கரையேற்றிய இல்லங்களுக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் நாற்பது பிள்ளைகளுக்கு ஒரு வார்டன் என்றால், அவரே காவலரும் தாயுமாக இருக்க முடியாது.

சட்டத்தின் பார்வை பெரும்பாலும் கட்டடத்தோடு நின்றுவிடுகிறது. 2017 செப்டம்பர் 14 அன்று கோலாலம்பூர் டத்தோ கிராமாட்டில் தாஃபிஸ் சமயப் பள்ளி தீப்பிடித்து 23 பேர் மாண்டனர். சன்னல்களில் இரும்புக் கம்பி இருந்ததால் தப்ப வழியில்லை. அதன்பின் நாடெங்கும் பதிவு, தீயணைப்பு அனுமதி பற்றியே பேச்சு எழுந்தது. அவை அவசியம்தான். 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டமும், துன்புறுத்தல் என்று சந்தேகம் வந்தால் பராமரிப்பாளர் புகார் செய்ய வேண்டும் என்கிறது. ஆனால் தனிமை புகாராக வருவதில்லை.

விடுதி நிர்வாகத்தைச் சாராத ஆலோசகர் ஒருவர் மாதந்தோறும் வந்து ஒவ்வொரு பிள்ளையிடமும் தனியாகப் பேச ஆலயக் குழுக்களும் சபைகளும் ஏற்பாடு செய்ய வேண்டும். வீட்டோடு பேசும் நேரத்தில் வார்டன் விலகி நிற்கட்டும். உதவி கேட்க 15999 என்ற தாலியான் காசே எண் இருக்கிறது. யாரிடமும் அனுமதி கேட்காமல் அந்த எண்ணை அழைக்க ஒரு தொலைபேசியை ஒவ்வொரு விடுதியிலும் வையுங்கள்.