பழைய லேப்டாப்பின் பூட்டை விற்பவரே திறக்க வேண்டும்

சென்னை ரிச்சி தெருவில் பழைய லேப்டாப் வாங்க வருபவர் ரேம் எத்தனை ஜிபி, பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்றெல்லாம் துருவித் துருவிக் கேட்பார். முந்தைய உரிமையாளரின் கணக்கு இன்னும் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று கேட்கப் பலருக்கும் தோன்றுவதில்லை. வீட்டில் ஆன் செய்ததும் 48 இலக்க எண் கேட்டுத் திரை நின்றுவிட்டால்தான் சிக்கல் புரிகிறது.

விண்டோஸின் பிட்லாக்கர் கேட்கும் மீட்புச் சாவி அது. டிஸ்கில் உள்ள அனைத்தையும் பிட்லாக்கர் சங்கேதமாக மாற்றிவைத்திருக்கிறது. சாவி இல்லாமல் அந்தக் கோப்புகளைத் திறக்க முடியாது. வாங்கியவருக்கு அவை தேவையும் இல்லை. பென் டிரைவிலிருந்து விண்டோஸை நிறுவத் தொடங்கி, பழைய பார்ட்டிஷன்களை எல்லாம் நீக்கிவிட்டுப் புதிதாக ஏற்றினால் போதும். பூட்டிய தரவு போய்விடும், லேப்டாப் மிஞ்சும்.

எல்லாப் பூட்டும் இப்படி விலகுவதில்லை. 2018 முதல் டி2 சிப்புடன் வந்த மேக்புக்குகளிலும், 2020 முதல் வந்த எம் வரிசை மேக்புக்குகளிலும் ஆப்பிளின் ஆக்டிவேஷன் லாக் உண்டு. அதன் பதிவு ஆப்பிளின் சர்வரில் இருப்பதால், டிஸ்கை எத்தனை முறை அழித்தாலும் பழைய உரிமையாளரின் பாஸ்வேர்டைத்தான் கேட்கும். நிறுவனங்களின் நிர்வாகப் பட்டியலில் சேர்க்கப்பட்ட லேப்டாப்புகளும் அப்படித்தான்: புதிதாக விண்டோஸ் ஏற்றி இணையத்தில் இணைத்ததும் பழைய அலுவலகத்தின் பெயரோடு லாகின் கேட்கும். எனவே பணம் கொடுக்கும் முன் கடையிலேயே லேப்டாப்பை இணையத்தில் இணைத்து, கணக்கு அமைக்கும் கட்டம் தாண்டுகிறதா என்று பார்ப்பது அவசியம்.

இதற்காகப் பூட்டே வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது. எம்ஐடி ஆய்வாளர்கள் சிம்சன் கார்ஃபிங்கெலும் அபி ஷெலட்டும் 158 பழைய ஹார்ட் டிஸ்குகளை வாங்கிச் சோதித்து 2003-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். இயங்கிய 129-ல் முறையாக அழிக்கப்பட்டிருந்தவை வெறும் 12. மற்றவற்றில் 5,000-க்கும் மேற்பட்ட கிரெடிட் கார்டு எண்கள் கிடைத்தன. ஒரு டிஸ்க், ஏடிஎம் இயந்திரத்திலிருந்து வந்ததாகத் தெரிந்தது. கோப்பை டெலீட் செய்வதும் குவிக் ஃபார்மட்டும் புத்தகத்தின் பொருளடக்கத்தை மட்டும் கிழிப்பது போன்றவை. பக்கங்கள் அப்படியே இருக்கும்.

பெரிய நிறுவனங்களும் இதில் தவறியிருக்கின்றன. பழைய சர்வர்களையும் டிஸ்குகளையும் அழிக்கும் வேலையை, அதில் அனுபவமே இல்லாத ஒரு சரக்கு நிறுவனத்திடம் ஒப்படைத்தது நிதி நிறுவனமான மார்கன் ஸ்டான்லி. வாடிக்கையாளர் விவரங்களோடு அவற்றில் சில இணைய ஏலத்துக்கே போயின. இதுபோன்ற குறைபாடுகளுக்காக 2022-ல் அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையத்திடம் 3.5 கோடி டாலர் அபராதம் கட்ட நேர்ந்தது.

ஆக, தரவையும் காக்க வேண்டும், கருவியும் அடுத்தவருக்குப் பயன்பட வேண்டும். இரண்டையும் சேர்த்துச் செய்யக்கூடியவர் விற்பவர் மட்டுமே. பாஸ்வேர்டைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்பது இதற்கு வழியல்ல. தன் மெயிலையும் புகைப்படங்களையும் சேர்த்தே கைமாற்றுவதாகிவிடும். தேவையானவற்றை நகலெடுத்துக்கொண்டு, மேக் என்றால் ஆக்டிவேஷன் லாக்கை இயக்கும் ஃபைண்ட் மை வசதியை நிறுத்தி, கணக்கிலிருந்து வெளியேறி, பிறகு ரீசெட்டில் எல்லாவற்றையும் நீக்கும் தேர்வைக் கொடுக்க வேண்டும். விண்டோஸில் டிரைவைச் சுத்தம் செய்யும் தேர்வும் அங்கேயே இருக்கிறது. மறந்து விற்றுவிட்ட மேக்கைக்கூட ஐகிளவுட் கணக்கிலிருந்து பின்னர் நீக்கலாம்.

வியாபாரிகள் பில்லிலேயே "டிஸ்க் அழிக்கப்பட்டது, கணக்குப் பூட்டு இல்லை" என்று சீரியல் எண்ணுடன் எழுதித் தர வேண்டும். பூட்டு தெரியவந்தால் பணம் திரும்பக் கிடைக்க வேண்டும். மொத்தமாக ஏலம் விடும் நிறுவனங்களின் பொறுப்பு இன்னும் பெரிது. நிர்வாகப் பட்டியலிலிருந்தும் கருவியிலேயே பதிந்திருக்கும் பயாஸ் பாஸ்வேர்டிலிருந்தும் ஒவ்வொரு லேப்டாப்பையும் விடுவித்த பிறகே அவை லாரியில் ஏற வேண்டும். இதை ஏல ஒப்பந்தத்திலேயே நிபந்தனையாகச் சேர்த்தால், நன்றாக ஓடும் லேப்டாப்புகள் ஒரு பாஸ்வேர்டுக்காகக் காயலான் கடைக்குப் போக வேண்டியிருக்காது.